வீராணம் ஏரிக்கரைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

காட்டுமன்னார்கோவில் பக்கம் நமக்குச் சொந்த ஊர் என்று தெரிந்தால் போதும், டிசம்பர் லீவு வந்ததும் போன் வர ஆரம்பித்துவிடும். "ஏரியில தண்ணி இருக்கா? பிள்ளைகளோட வரலாமா? படகு விடுறாங்களா?" பத்து வருஷமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வீராணத்தைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். மற்ற நீர்நிலைகள் போகிற போக்கில் வரும்.

காவிரி டெல்டாவில் பெரிய ஏரிகள் உண்டா? அங்கே ஆறும் வாய்க்காலும்தானே?

நியாயமான சந்தேகம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் போனால் ஏரி என்று பெரிதாக ஒன்றும் கண்ணில் படாது. தெருவுக்குத் தெரு குளம் இருக்கும். வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வாசல் வரை வருகிற ஊருக்கு ஏரி எதற்கு? ஆறு எட்டாத ஓரங்களுக்குத்தான் ஏரி வேண்டும். அதனால்தான் பெரிய ஏரிகள் எல்லாம் டெல்டாவின் விளிம்பிலேயே இருக்கின்றன. வடக்கு விளிம்பில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் வீராணம். தெற்கே, கல்லணைக் கால்வாய் வந்த பிறகு நெல் வயலான மேட்டுப் பகுதியை ஒட்டி வடுவூர். வடமேற்கில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி.

"வீராணம் கடலூர் மாவட்டம் ஆயிற்றே, அது எப்படி டெல்டா?" என்று சிலர் மடக்குவார்கள். மாவட்டம் எதுவானாலும் தண்ணீர் காவிரித் தண்ணீர்தான். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்திலும் காட்டுமன்னார்கோவில், குமராட்சி வட்டாரங்கள் டெல்டாவோடுதான் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

வீராணம் எவ்வளவு பெரியது? யார் வெட்டியது?

வடக்கு தெற்காக ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம் என்பார்கள். அகலம் இடத்துக்கு இடம் மாறும், அதிகபட்சம் ஐந்து கிலோமீட்டர் வரை. வெட்டியது 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில். அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன். வீரநாராயணன் ஏரி என்பதுதான் வாய்வழக்கில் தேய்ந்து வீராணம் ஆனது. ராஷ்டிரகூடர் படையெடுப்பை எதிர்பார்த்து வடக்கே தங்கியிருந்த இளவரசன் ராஜாதித்தன், சும்மா இருந்த படைவீரர்களை வைத்து வெட்டினான் என்று ஊரில் சொல்லுவார்கள். அவன் 949-இல் தக்கோலப் போரில் இறந்துபோனான்.

செய்தியில் "வீராணம் முழுக் கொள்ளளவான 47.50 அடியை எட்டியது" என்று படித்துவிட்டு, அவ்வளவு ஆழமா என்று கேட்காதவர்கள் இல்லை. அது ஆழம் இல்லை, மட்டக்கணக்கு; ஏரியின் அடித்தரையிலிருந்து அளப்பது இல்லை. 39, 40 என்று செய்தி வந்தாலே ஏரி வற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கிளம்புவதற்கு முன்னால் அந்த வார நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 45-க்கு மேல் இருந்தால் தாராளமாக வாருங்கள். நிறைந்தால் கொள்வது 1,465 மில்லியன் கன அடி. சுமார் 45 ஆயிரம் ஏக்கர் இதை நம்பி இருக்கிறது.

பொன்னியின் செல்வனில் வரும் ஏரி இதுதானா?

இதேதான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற கரை. அதனால் ஆடி 18 அன்றே வந்து அதே காட்சியைப் பார்க்க வேண்டும் என்று சிலருக்கு ஆசை. மேட்டூரில் தண்ணீர் இருந்து, ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி திறந்து, அது இங்கே வந்து சேர்ந்திருந்தால் அந்த ஆசை நிறைவேறும். சில வருஷம் ஆடிப்பெருக்கன்று வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் இருக்காது. பெண்கள் அடிபம்பில் பிடித்துவந்த தண்ணீரை வைத்துப் படையல் போட்ட வருஷமும் உண்டு.

அந்தக் காலத்தில் 74 மதகுகள் இருந்தன என்பதும் பிரபலமான கணக்கு. ராமானுஜர் 74 சிம்மாசனாதிபதிகளை (வைணவ ஆசாரியர்களை) நியமித்ததற்கு இந்த 74 மதகுகள்தான் மாதிரி என்று வைணவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு எண்ணிக்கொண்டே போனால் அத்தனை வராது.

எந்த மாதம் வந்தால் நல்லது?

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை. மழை குறையத் தொடங்கியிருக்கும், ஏரி நிறைந்திருக்கும், சம்பா பயிர் கரைக்குக் கீழே கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும். பொங்கலை ஒட்டி வந்தால் பயிர் பழுத்திருக்கும், அது வேறு அழகு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் நாட்களில் மட்டும் வேண்டாம். மேற்கே ஜெயங்கொண்டம் பக்கம் கொட்டுகிற மழை செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வழியாக ஒரே ராத்திரியில் ஏரிக்குள் வந்து விழும். அப்போது உபரியை வெளியே திறந்துவிடுவார்கள், கீழே இருக்கிற ஊர்களுக்குப் போகும் ரோடுகளில் தண்ணீர் ஓடும்.

மே மாதம் மட்டும் வராதீர்கள். ஒரு தடவை சென்னையிலிருந்து சித்தப்பா குடும்பம் பேச்சைக் கேட்காமல் மே மாதம் வந்தது. கரையில் ஏறி நின்றால் தரை வெடித்துக் கிடக்கிறது, நடுவில் ஆட்டுக்கிடை, தூரத்தில் குட்டையாக ஒரு பளபளப்பு. சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, ஏரி எங்கடா?" என்றார். இன்று வரை எங்கள் வீட்டில் எதையாவது காணவில்லை என்றால் இதைத்தான் சொல்லிச் சிரிப்போம்.

எங்கே நின்று பார்ப்பது?

கிழக்குக் கரைதான். மேற்குப் பக்கம் தண்ணீர் வந்து சேரும் சரிவு, அங்கே கரை என்று தெளிவாக ஒன்று தெரியாது. கிழக்கே கரை மேலேயே ரோடு போகிறது. லால்பேட்டையிலிருந்து சேத்தியாத்தோப்பு நோக்கிப் போனால் இடது கை பக்கம் ஏரி, வலது கை பக்கம் பள்ளத்தில் வயல். ஒரு பக்கம் தண்ணீர் நம் காலடி உயரத்திலும், மறுபக்கம் வீட்டுக் கூரை நம் காலடி உயரத்திலும் இருப்பதைப் பார்த்தால்தான் இந்தக் கரை என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறது என்று புரியும். ஆயிரம் வருஷமாக அது மண்கரைதான்.

சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தால் சூரியன் நேரே ஏரிக்குள் இறங்கும். நான் பரிந்துரைப்பது, அந்த நேரத்தில் ஏதாவது ஒரு மதகருகே நிற்பது. கருப்பு கிரீஸ் அப்பிய திருகுக் கம்பி, அதன் தலையில் இரும்புச் சக்கரம், சக்கரத்தின் மேல் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு ஒரு நீர்க்காகம். கீழே குனிந்தால் ஏரித் தண்ணீர் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் வந்து பார்த்தால் அதே தண்ணீர் நுரைத்து இரைந்துகொண்டு வாய்க்காலில் வெளியே வரும். அந்த இரைச்சலைக் கேட்டே எத்தனை அங்குலம் திறந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற லஸ்கர்கள் இருக்கிறார்கள். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற நீர்வளத்துறை ஆள். பேச்சுக் கொடுத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

மழை பெய்த மறுநாள் பைக்கில் வருகிறவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்க வேண்டாம். களிமண் டயரில் உருண்டு மட்கார்டில் அடைத்துக்கொண்டால் குச்சியால் குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

படகு, பூங்கா எல்லாம் உண்டா?

அதை எதிர்பார்த்து வீராணம் வராதீர்கள். இது வேலை செய்கிற ஏரி. ஊஞ்சல், சறுக்குமரம் என்று பிள்ளைகளுக்கு வேண்டுமானால் கல்லணைப் பூங்கா, முக்கொம்பு, தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா என்று போங்கள். சிவகங்கைப் பூங்கா பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, 1870-களின் தொடக்கத்தில் நகராட்சி அமைத்தது. கல்லணையில் யானை மேல் கரிகாலன் சிலையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த கையோடு அணை மேல் நடந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு (கல்லணைக் கால்வாய்), கொள்ளிடம் நான்கும் பிரிவதைப் பாருங்கள். வெள்ளக் காலத்தில் முக்கொம்புக்குள் விட மாட்டார்கள்.

ஏரியைச் சுற்றிப் பழைய கோயில்கள் என்னென்ன?

காட்டுமன்னார்கோவிலில் வீரநாராயணப் பெருமாள் கோயில். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர் இது, அவருடைய பேரன் ஆளவந்தாரும் இந்த ஊர்க்காரர்தான். ஏரிக்கும் பெருமாளுக்கும் ஊருக்கும் ஒரே பெயர். அந்தக் காலத்தில் ஊரின் பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம்.

ஊருக்குள்ளேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அளவில் சின்னதுதான். ஆனால் சோழர் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் இதற்காகவே பஸ் ஏறி வருகிறார்கள். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய கல்வெட்டு இந்தக் கருவறைச் சுவரில் இருக்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த ஆணை. கொலையில் சம்பந்தப்பட்ட ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோர், அவர்களுடைய உறவினர் ஆகியோரின் சொத்தைப் பறிப்பது பற்றிப் பேசுகிறது. எழுத்து படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாருங்கள். ஆனால் மேலே மாவோ சுண்ணாம்போ தடவிப் படம் எடுக்காதீர்கள். காலையில் சுவரில் வெயில் சாய்வாக விழும்போது தானாகவே தெளிவாகத் தெரியும்.

கொஞ்சம் தள்ளி மேலக்கடம்பூர். முழுக் கோயிலும் சக்கரம் வைத்த தேர் வடிவில், முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கட்டடம். அப்பர் பாடிய கரக்கோயில் இதுதான். இவ்வளவு நுணுக்கமான சிற்ப வேலை உள்ள கோயிலில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். என்னைக் கேட்டால், நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையாவது விட்டுவிட்டு இதைப் பாருங்கள் என்பேன்.

கங்கைகொண்ட சோழபுரத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா?

சேர்த்தே ஆக வேண்டும். காட்டுமன்னார்கோவிலிலிருந்து அரை மணி நேரம். கோயிலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், 2004-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அதனால் ஏரி சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். கங்கை வரை போய் வென்றதன் நினைவாக ராஜேந்திரன் இங்கே ஓர் ஏரி வெட்டினான். சோழகங்கம் என்று பெயர். திருவாலங்காட்டுச் செப்பேடு இதை நீராலான வெற்றித்தூண் என்கிறது. மற்ற ராஜாக்கள் கல்லில் நட்டதை இவன் தண்ணீரில் நட்டான். இன்றைக்குப் பொன்னேரி என்கிறார்கள்.

பொன்னேரியின் கரை 16 மைல் நீளம் என்றும், தெற்கே கொள்ளிடத்திலிருந்தும் வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் இதற்குத் தண்ணீர் வந்தது என்றும் 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு இருக்கிறது. ஆனால் அதே குறிப்பு எழுதப்பட்ட காலத்திலேயே ஏரி தூர்ந்து காடாகிக் கிடந்தது. வீராணம் போல ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். கரையின் மிச்சத்தையும் ஒரு பகுதித் தண்ணீரையும்தான் பார்க்கலாம். நூறு வருஷ வித்தியாசத்தில், பக்கத்துப் பக்கத்தில் வெட்டிய இரண்டு ஏரிகளில் ஒன்று இன்றும் 45 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது, இன்னொன்று தூர்ந்துவிட்டது. வீராணத்துக்கு வரத்துக்கால் (தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்) இன்னும் உயிரோடு இருக்கிறது, பொன்னேரிக்கு அது போய்விட்டது.

அணைக்கரையில் பார்க்க என்ன இருக்கிறது?

வீராணத்துக்கு வரத்துக்கால் பிறக்கிற இடம் இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து வடக்கே வரும்போது கொள்ளிடத்தின் மேல் வருகிற கீழணை இது. 1836-இல் ஆங்கிலேயர் கட்டியது. இங்கே தேக்கிய தண்ணீர்தான் வடவாற்றில் திரும்பி வீராணத்தில் போய் விழுகிறது. கல்லணையில் பிரிந்த தண்ணீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு என்று மூன்று படி இறங்கி நீங்கள் கரையில் நின்று பார்க்கிற ஏரி ஆகிறது.

இன்னொரு விஷயம். இந்த அணை கட்டுவதற்குக் கல் தேவைப்பட்டது. பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இடிந்து கிடந்தது. மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். அந்தக் கோயிலைச் சுற்றி இப்போது மொட்டையாக நிற்கிற மதிலைப் பார்க்கும்போது, மிச்சம் எங்கே என்று கேட்டால் ஒரு பங்கு இந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. ராஜேந்திரனின் மதிலில் இருந்த கல், அவன் கொள்ளுப்பாட்டன் அப்பா வெட்டிய ஏரிக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னால் சிலர் ஆங்கிலேயரைத் திட்டுவார்கள், சிலர் விவசாயத்துக்குத்தானே போனது என்பார்கள். எனக்கு இரண்டும் தோன்றும், நாளைப் பொறுத்தது.

ஒரே நாளில் முடியுமா? எப்படி வருவது?

கும்பகோணத்தில் தங்கினால் முடியும். நேரத்தை மட்டும் சரியாகப் போட வேண்டும், ஏனென்றால் மதியம் 12 முதல் 4 வரை எல்லாக் கோயிலும் நடை சாத்தியிருக்கும். காலை ஆறரைக்குக் கிளம்பி அணைக்கரையில் ஒரு டீ. எட்டு மணிக்குள் கங்கைகொண்ட சோழபுரம், பதினொன்றரை வரை அங்கேயே. மாளிகைமேட்டில் அரண்மனைச் செங்கல் அடித்தளத்தையும் பார்த்துவிட்டு, மீன்சுருட்டி வழியாகக் காட்டுமன்னார்கோவில் வந்து சாப்பாடு. வெயில் தாழும் வரை உட்கார்ந்திருந்து, நாலு மணிக்கு மேலக்கடம்பூர், பிறகு உடையார்குடி, ஐந்தரைக்கு ஏரிக்கரை. கல்வெட்டைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் சிதம்பரத்தில் தங்கி இதையே தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

காட்டுமன்னார்கோவிலுக்கு ரயில் கிடையாது. சிதம்பரத்திலோ கும்பகோணத்திலோ இறங்கி பஸ். கரை முழுக்கப் போக வேண்டுமானால் சொந்த வண்டியோ ஆட்டோவோ இல்லாமல் சிரமம்.

ஏரியில் குளிக்கலாமா? முதலை இருக்கிறதாமே?

வீராணத்தில் மதகருகே இறங்கவே கூடாது. மேலே அசையாமல் இருக்கும், அடியில் இழுக்கும். நீச்சல் தெரிந்த வெளியூர்ப் பையன்கள்தான் போகிறார்கள், ஊர்ப் பையன்கள் அந்தப் பக்கம் இறங்க மாட்டார்கள். முதலை கதை இல்லை, உண்மை. கொள்ளிடத்திலும் சிதம்பரம் வட்டாரத்து வாய்க்கால், குளங்களிலும் முதலைகள் உண்டு. அணைக்கரையில் மணலில் இறங்கிக் கால் நனைக்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

பறவை பார்க்க எங்கே போகலாம்?

பறவைதான் முக்கியம் என்றால் வடுவூர். தஞ்சாவூர் – மன்னார்குடி ரோட்டிலேயே இருக்கிறது. 1999-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நடந்தே பார்த்துவிடக்கூடிய அளவு, கரையில் பார்வைக் கோபுரம். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்குப் போனால் ஊசிவால் வாத்தும் கிளுவையும் கூட்டமாக மிதக்கும், கருவேல மரம் முழுக்க நத்தைகுத்தி நாரை. பத்து மணிக்கு மேல் போய்விட்டுப் பறவையே இல்லை என்று குறை சொல்லாதீர்கள். பக்கத்தில் கோதண்டராமர் கோயில், அந்த ராமர் முகத்துக்காகவே ஒரு நடை போய் வரலாம்.

கரைவெட்டி இதைவிடப் பெரியது, 450 ஹெக்டேருக்கு மேல். 2024-இல் ராம்சார் ஆனது. இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வரித்தலை வாத்து வரும் இடம். தொலைநோக்கி இல்லாமல் போனால் புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள்.

திருவாரூர், மன்னார்குடி குளங்களைச் சேர்க்கலாமா?

அது தனிப் பயணம். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். ஒரு வேலி என்பது ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குளமான கமலாலயத்தின் நடுவில் இருக்கும் கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். மன்னார்குடி ஹரித்ராநதி குளம்தான் என்றாலும் பெயரில் நதி இருக்கிறது, காவிரியின் மகள் என்று ஊரார் கொண்டாடுகிறார்கள்.

சாப்பாடு?

அணைக்கரையில் மீன் வறுவல். கண்ணெதிரே பொரித்துத் தருவதை மட்டும் வாங்குங்கள், தட்டில் அடுக்கி வைத்திருப்பதை வேண்டாம் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சைவக்காரர்கள் காட்டுமன்னார்கோவிலில் சாப்பிட்டுக்கொள்ளலாம். லால்பேட்டைப் பக்கம் கொடிக்கால் உண்டு, சாப்பிட்ட பிறகு வெற்றிலை மறக்காதீர்கள்.

இந்தத் தண்ணீரைத்தான் சென்னைக்குக் கொண்டுபோகிறார்களா?

ஆமாம், 2004-இலிருந்து. சேத்தியாத்தோப்பில் எடுத்து, வடக்குத்து என்ற ஊரில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் போகிறது. புதிய வீராணம் திட்டம் என்று ஏன் பெயர் என்றால், பழையது ஒன்று தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. அதன் ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்கில் ரோட்டோரம் கிடந்தன. அதற்குள் குடும்பம் நடத்தியவர்களும் உண்டு.

ஊரில் இதைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். தண்ணீர் நிறைய இருக்கும் வருஷம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மேட்டூர் திறக்காத வருஷம், நடவுக்கு இல்லாத தண்ணீர் குழாயில் போகிறதே என்ற பேச்சு டீக்கடையில் எழும். நீங்கள் சென்னையிலிருந்து வருகிறவர் என்றால் அன்றைக்கு டீயைக் குடித்துவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் நீங்கள் பல் தேய்த்த தண்ணீர் இந்தக் கரையைத் தாண்டி வந்ததாகவும் இருக்கலாம்.